ரிசெப்ஷனில் பார் வைப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு ஓகஸ்ட் மாதம் கலியாணம், ரிசெப்ஷனுக்கு 300 பேர். ஹோல்காரர் பாருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறார். அரச மதுக்கடையான எல்சிபிஓவில் நாங்களே வாங்கி வைத்தால் பாதிக் காசு போதும் என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
- பெண்ணின் தாய், ஸ்காபரோ

பதில்: அக்கா, முதலில் ஹோல்காரரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, மண்டபத்துக்கு மதுபான லைசென்ஸ் இருக்கிறதா என்று. இருந்தால், வெளியில் வாங்கின போத்தலைப் பெரும்பாலும் உள்ளே எடுக்க முடியாது, தம்பியின் கணக்கு அதோடு முடிந்தது. லைசென்ஸ் இல்லாத இடம் என்றால் ஒன்ராறியோவில் மதுபான லைசென்ஸ் கொடுக்கிற ஏஜிசிஓவிடம் விசேஷ நிகழ்வுக்கான பெர்மிட் எடுக்கலாம், விருந்தினரிடம் காசு வாங்காமல் பரிமாறுவதற்கு ஒரு நாளைக்கு 50 டொலர். கடைசி வாரம் வரைக்கும் விடாமல் நேரத்தோடு விண்ணப்பியுங்கள். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அன்றிரவு நடப்பதற்கு அவர்தான் பொறுப்பு, அதனால் மணவறையில் நிற்கப்போகிற ஆளின் பெயரில் எடுக்காதீர்கள், வெறி போடாத ஒரு சித்தப்பா பெயரில் எடுங்கள்.

ஹோலின் பார்தான் என்றால் தலைக்கணக்குக்கு உடனே ஓம் சொல்லாதீர்கள். 300 பேரில் பிள்ளைகள், அம்மம்மாமார், விரதகாரர், ஜின்ஜர் ஏல் மட்டும் குடிப்பவர்கள் எல்லோரையும் கழித்தால் குடிக்கிறவர்கள் 120 பேர் தேறலாம். குடித்த அளவுக்கு மட்டும் பில் போடச் சொல்லி, ஒரு தொகையைத் தாண்டினால் உங்களிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள். கிளாஸுக்கு இரண்டு டொலர் வாங்குகிற டூனி பார் இங்கே சாதாரணம்தான், ஆனால் எங்கள் ஆட்களிடம் அதைச் செய்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு அதைத்தான் பேசுவார்கள்.

நீங்களே வாங்குவதாக இருந்தால்: 120 பேர், ஆளுக்கு நான்கு என்றால் 480 கிளாஸ். எங்கள் கூட்டம் விஸ்கிப் பக்கம் சாய்கிற கூட்டம், அதனால் 1.14 லீட்டர் போத்தல் 12 (43 மில்லி வீதம் ஊற்றினால் ஒன்றில் 26 கிளாஸ் வரும்), பியர் 120, வைன் 14 போத்தல். திறக்காத போத்தலை ரசீதோடு 30 நாளுக்குள் எல்சிபிஓவில் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் கொஞ்சம் கூட வாங்கினாலும் நட்டமில்லை, ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள். உண்மையில் முதலில் தீர்வது ஐஸும் சோடாவும்தான். அப்புறம், மேசைக்கு மேசை போத்தல் வைக்கிற வேலை வேண்டாம். யாரும் அளந்து ஊற்றப் போவதில்லை, எட்டு மணிக்கே போத்தல் காலியாகி ஒன்பது மணிக்கு மாமாமார் மேடைக்கு ஏறுவார்கள். மது பரிமாறப் பயிற்சி பெற்றதற்கான ஸ்மார்ட் சேர்வ் சான்றிதழ் உள்ள இரண்டு மூன்று பேரைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள்.

கேள்வி: அப்பா கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், பார் வேண்டவே வேண்டாம் என்கிறார். நண்பர்களோ கார் பார்க்கில் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். என்ன செய்ய?
- மாப்பிள்ளை, ஏஜக்ஸ்

பதில்: தம்பி, பார் இல்லாத ரிசெப்ஷன் ஒரு குறையும் இல்லை. குறை அந்தக் கார் டிக்கியில் வைத்துக் குடிப்பதுதான். வாகனத்தில் திறந்த போத்தலும் பிளாஸ்டிக் கப்பும் இருந்தால் அது இங்கே குற்றம், அதோடு அங்கே 'போதும்' என்று சொல்லவும் ஆளில்லை. அப்பாவிடம் பேசிப் பாருங்கள்: மணவறைச் சடங்கும் சாப்பாடும் காலையில் முடியட்டும், மாலை ரிசெப்ஷனில் பார் லொபியில் ஒரு மூலையில் இருக்கட்டும், பேச்சு நடக்கும்போதும் சாப்பாடு போடும்போதும் மூடட்டும். அதற்கும் இல்லை என்றால் இல்லைதான், அவர் காசு, அவர் வீட்டு விசேஷம். நண்பர்களிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விருந்தில் குடித்த ஒருவர் காரை மோதினால் வழக்கு எங்கள் மேல் வருமா?
- மார்க்கம் வாசகர்

பதில்: 1999 புதுவருடம் பிறந்த இரவில் ஒட்டாவாவில் ஒரு வீட்டு விருந்துக்குப் போனவர் குடித்துவிட்டு ஓட்டி விபத்தாக்கினார். 2006இல் கனடா உச்ச நீதிமன்றம் விருந்து வைத்தவர்கள் பொறுப்பில்லை என்றது. இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அங்கே விருந்தினர் தங்கள் குடிவகையைத் தாங்களே கொண்டுவந்தார்கள். வெறியில் தள்ளாடுகிறவர் கார் ஓட்டப்போவது தெரிந்தும் மேலும் ஊற்றிக் கொடுத்தால் கதை வேறாகலாம். காசுக்கு விற்கிற ஹோலுக்கும் பாருக்கும் பொறுப்பு உறுதியாக உண்டு, பெர்மிட் எடுத்தவருக்கும் கடமைகள் உண்டு. ஆகவே அந்த ஒரு நாளுக்கு மதுப் பொறுப்புக் காப்புறுதி எடுங்கள், பல மண்டபங்கள் அது இல்லாமல் சாவியே தராது. இரத்தத்தில் மது அளவு 0.05 வந்தாலே ஒன்ராறியோவில் முதல் தடவையே சில நாளுக்கு லைசென்ஸ் போகும், 21 வயதிலும் அதற்குக் கீழும் ஓட்டுபவர்களுக்கு எல்லை பூச்சியம். இரண்டு வான்களை வாடகைக்குப் பிடித்து ஸ்காபரோ, பிரம்டன் என்று ஓடவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு 18 வயது. எங்கள் கண்முன்னே ஒரு பியர் குடித்தால் என்ன?
- ஒரு தகப்பன், மிசிசாகா

பதில்: வீட்டில் உங்கள் விருப்பம். மண்டபத்தில் 19 ஆகாமல் முடியாது, தகப்பன் கையால் கொடுத்தாலும் முடியாது. பாரில் ஊற்றிக் கொடுக்கிற பிள்ளை ஐடி கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள்.