பட்டியலில் பெயர் இருந்தால் மோசடிக்காரரா?

கேள்வி: எங்கள் ஊர்த் தொழிலதிபர் ஒருவரின் பெயர், 2017ஆம் ஆண்டு மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட தகுதி இழந்த இயக்குநர்களின் பட்டியலில் இருக்கிறது. அவரை மோசடிக்காரர் என்று சொல்வது சரியா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சரியல்ல. அந்த ஆண்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தனர். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 164(2) பிரிவின்படி, ஒரு நிறுவனம் தொடர்ந்து 3 நிதியாண்டுகளுக்கு நிதிநிலை அறிக்கையையோ ஆண்டு விவர அறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டாலே, அதன் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழக்கிறார்கள். தொழில் நொடித்து, மூடப்படாமலே கிடந்த சிறு நிறுவனத்தின் இயக்குநருக்கும் இது பொருந்தும். பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகையைத் திருப்பித் தராத நிறுவனங்களும் இதே பிரிவின் கீழ் வருகின்றன என்பதால், காரணம் எது என்று பார்த்தே ஆகவேண்டும், இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று, 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தகுதி நீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருப்பதால், பழைய பட்டியலை மட்டும் வைத்துப் பேசுவது பெரும் அநியாயம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், 8 இலக்க இயக்குநர் அடையாள எண்ணையும் ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால், இன்ன நிறுவனம் இன்ன ஆண்டுகளின் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை, அப்போது இவர் அதன் இயக்குநர் என்று தாராளமாகச் சொல்லலாம்.