பீஸ்டி பாய்ஸ்: ராக்கா, ராப்பா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

போன மாதக் கட்டுரை ஒன்றில் போகிறபோக்கில் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதுவரை பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி. நான் கல்லூரிக் காலத்தில் லிங்கின் பார்க் குழுவைக் கேட்டு வளர்ந்தவன். ராப்பும் ராக்கும் சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் ஒரு அச்சு விழுந்திருந்தது. அந்த நினைப்போடு இவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போட்டேன். குடி, கூத்து, பெண்களைப் பற்றி மட்டமான பேச்சு. பாதியில் நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்னீர்களே என்று 1992, 1994 ஆல்பங்களையும் கேட்டேன். இது வேறு ஆட்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பாட்டு பங்க், அடுத்தது ராப், அதற்கடுத்தது பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியம், அப்புறம் புத்த பிட்சுக்கள் ஓதுகிறார்கள்!

அலுவலகத்தில் இசை விஷயம் தெரிந்த நண்பரிடம் கேட்டேன். “பணம் இருக்கிற வீட்டு வெள்ளைக்காரப் பசங்க. கறுப்பர்களோட இசையை எடுத்து சம்பாதிச்சாங்க. வயசானதும் நல்லவங்க ஆயிட்டாங்க. அவ்வளவுதான்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவர்கள் ராக் குழுவா, ராப் குழுவா? நண்பர் சொல்வது சரிதானா?

கி.,
ஈரோடு

அன்புள்ள கி.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அவர் கதையை முதல் ஆல்பம் வந்த 1986இல் ஆரம்பிக்கிறார், அதுதான் சிக்கல். நான் 1981இல் ஆரம்பிக்கிறேன்.

அந்த வருடம் ஆகஸ்ட் 5 அன்று நியூயார்க்கில் ஆடம் யாவ்க் என்ற பையனுக்குப் பதினேழாவது பிறந்தநாள். அந்த விருந்தில்தான் பீஸ்டி பாய்ஸ் முதன்முதலாக வாசித்தார்கள். பேஸ் கிடார் யாவ்க், பாட்டு மைக்கேல் டயமண்ட், கிடார் ஜான் பெர்ரி. டிரம்ஸில் கேட் ஷெல்லன்பாக். ஆமாம், பெயரில் ‘பாய்ஸ்’ என்று இருந்த அந்தக் குழுவின் தாளம் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

அவர்கள் வாசித்தது ராப் இல்லை, ஹார்ட்கோர் பங்க், அதாவது அதிவேகமாகக் கத்திப் பாடுகிற ராக். 1982இல் வந்த முதல் தட்டில் எட்டுப் பாட்டு, எட்டும் சேர்ந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நன்றாக இருக்காது, சிரமப்பட்டுத் தேடாதீர்கள். ஆனால் அன்றைய நியூயார்க்கில் ஒரு வசதி இருந்தது. பங்க் கேட்கிற பையன்கள் போன அதே கிளப்புகளில் ஜமைக்காவின் ரெகேயும் ராப்பும் ஓடின. அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பேட் பிரெயின்ஸ் குழுவே கறுப்பின இளைஞர்களின் ஹார்ட்கோர் குழு, நடுவில் ரெகேயும் வாசிப்பார்கள். அதனால் ‘கலப்பு’ என்பது இவர்கள் பின்னாளில் யோசித்துச் செய்த உத்தி இல்லை. காதில் விழுந்ததே அப்படித்தான்.

பெர்ரி விலக, அந்த இடத்துக்கு ஆடம் ஹொரோவிட்ஸ் வந்தார். 1983இல் ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு போன் போட்டு வம்பிழுத்ததைப் பதிவு செய்து, அதை ஒரு பீட்டோடு சேர்த்து விளையாட்டாக ஒரு தட்டு போட்டார்கள். ‘குக்கி புஸ்’ என்ற அந்தத் தட்டு கிளப்புகளில் ஓட ஆரம்பித்தது. அதன் பின்பக்கப் பாட்டின் ஒரு துண்டை பிரிட்டிஷ் ஏர்வேஸ் கேட்காமல் விளம்பரத்தில் போட்டுவிட, வழக்குப் போட்டு நாற்பதாயிரம் டாலர் வாங்கினார்கள். பிறர் இசையின் துண்டுகளை வைத்தே பின்னால் பெயர் வாங்கப்போகிற குழுவுக்குக் கையில் வந்த முதல் பெரிய பணம் இப்படி வந்தது!

மேடையில் இந்தப் பாட்டை வாசிக்க ஒரு டி.ஜே. வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழக விடுதி அறையில் இருந்த ரிக் ரூபின் என்ற மாணவர் கிடைத்தார். அவரிடம் தட்டுகள் இருந்தன, நல்ல சவுண்ட் சிஸ்டம் இருந்தது, சோப்புக் குமிழ் விடுகிற ஒரு மெஷின்கூட இருந்தது. ரூபினும் ரஸ்ஸல் சிமன்ஸும் நடத்திய டெஃப் ஜாம் என்ற ராப் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இவர்கள் போனார்கள். ரூபின் மனதில் இருந்தது மூன்று ராப் பையன்கள். அதில் டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணுக்கு இடமில்லை. தோழி கேட் வெளியே போனார். நண்பர்கள் வாயைத் திறக்கவில்லை.

1985இல் மடோனாவின் சுற்றுப்பயணத்தில் முன்னோட்டமாக ஆடினார்கள். மடோனாவைப் பார்க்க வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. மறுவருடம் நவம்பரில் நீங்கள் பாதியில் நிறுத்திய ‘லைசென்ஸ்ட் டு இல்’ வந்தது. 1987 மார்ச்சில் அது அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்துக்குப் போன முதல் ராப் ஆல்பம் அதுதான். இன்றுவரை அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போயிருக்கிறது.

இதன் ஓசை யாருடையது என்றால், பெரும்பங்கு ரூபினுடையது. முதல் பாட்டிலேயே லெட் செப்பலின், பிளாக் சபாத் என்ற ராக் குழுக்களின் டிரம்ஸும் கிடாரும் சாம்பிளாக, அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டாக, வருகின்றன. இன்னொரு பாட்டில் ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் கெர்ரி கிங் வந்து கிடார் வாசித்துவிட்டுப் போகிறார். மெட்டல் கிடார், டிரம் மெஷின், மேலே கத்தல். எல்லாம் ஒரே சட்டியில். லிங்கின் பார்க்கின் வாசனை உங்களுக்கு இந்த ஒரு ஆல்பத்தில்தான் கொஞ்சம் அடித்திருக்கும்.

குடித்துக் கூத்தடிக்கிற பையன்களைக் கிண்டல் செய்யத்தான் அந்த வேடத்தைப் போட்டார்கள். ஆனால் அரங்கை நிரப்பியது கிண்டல் செய்யப்பட்ட அதே பையன்கள்தான். கொஞ்ச நாளில் வேடம் எது, முகம் எது என்று இவர்களுக்கே தெரியாமல் போயிற்று. மேடையில் கூண்டுக்குள் பெண்களை ஆடவிட்டார்கள். 1987 மே மாதம் லிவர்பூலில் கச்சேரி ஆரம்பித்த சில நிமிடங்களில் கலவரமாகி, ஹொரோவிட்ஸ் கைதானார். டயமண்ட் கழுத்தில் தொங்கவிட்ட ஃபோக்ஸ்வாகன் சின்னத்தைப் பார்த்து, ரசிகர்கள் தெருவில் நின்ற கார்களிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனது தனிக்கதை. அப்புறம் ராயல்டி தகராறு வந்து டெஃப் ஜாமோடு உறவு முறிந்தது.

அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ், கேபிடல் நிறுவனம், 1989 ஜூலையில் ‘பால்ஸ் பூட்டீக்’. டஸ்ட் பிரதர்ஸ் என்ற இரட்டையர் கிளப்புகளுக்காகச் செய்து வைத்திருந்த அடர்த்தியான டிராக்குகளைக் கேட்டதும் அப்படியே வேண்டும் என்றார்கள். ராப் பண்ண இடம் விட்டுக் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளின் துண்டுகள் அதில் இருக்கின்றன. பட்டியலில் பதினான்காம் இடத்தைத் தாண்டவில்லை. ஒரு பாட்டு ஹிட்டானவர்கள் என்று ஊர் இவர்களை முடித்துவைத்தது. இன்று அந்த ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது வேறு விஷயம். இரண்டே வருடத்தில் சாம்பிள் வழக்குகளில் நீதிமன்றங்கள் கடுமை காட்ட ஆரம்பித்தன. அதே ஆல்பத்தை இன்று செய்தால் உரிமைத்தொகை கொடுத்து மாளாது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதற்கப்புறம் நடந்ததைப் பற்றித்தான். தோற்ற பிறகு அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸின் அட்வாட்டர் வில்லேஜ் பகுதியில் ஒரு பழைய கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு பக்கம் கூடைப்பந்து வளையம், ஒரு பக்கம் ஸ்கேட்போர்டு சரிவு, மீதி இடத்தில் ஸ்டூடியோ. யாரும் இவர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை, அதனால் அவசரமில்லை. பரணில் கிடந்த கிடாரையும் பேஸையும் தூசு தட்டி எடுத்தார்கள். டிரம்ஸில் டயமண்ட் உட்கார்ந்தார். வீட்டுக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர் மார்க் நிஷிடாவுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரிந்தது. ஸ்டூடியோவுக்கு மரவேலை செய்துகொடுத்த அவரே ‘மணி மார்க்’ என்ற பெயரில் குழுவோடு சேர்ந்துவிட்டார்.

மணிக்கணக்கில் சேர்ந்து வாசித்து எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். வாசிப்பு சுமார்தான், அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் துண்டு எடுத்துச் சேர்க்கிற கலை 1989இல் கைவந்திருந்ததே! தங்கள் வாசிப்பிலேயே நன்றாக விழுந்த நாலு தாளச் சுற்றை வெட்டி எடுத்து, அதையே சாம்பிளாகச் சுற்றவிட்டு, அதன்மேல் ராப் பண்ணினார்கள். நன்றாக வந்த வாத்திய வாசிப்பை அப்படியே விட்டார்கள். பங்க் தோன்றினால் பங்க். இப்படி வந்ததுதான் 1992இன் ‘செக் யுவர் ஹெட்’.

லிங்கின் பார்க் சாம்பார் சாதம். எல்லாம் குழைந்து ஒரே ருசியாக வர வேண்டும் என்று செய்தது. இவர்களுடையது இலைச் சாப்பாடு. ராப் ஒரு பக்கம், பங்க் ஒரு பக்கம், ஃபங்க் என்ற கறுப்பின நடன இசை ஒரு பக்கம், எதுவும் எதோடும் குழையாது, ஆனால் ஒரே இலை. (எனக்கு இரண்டும் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.) ஆகவே ராக்கா ராப்பா என்றால், 1986இல் இரண்டையும் ஒரே பாட்டில் போட்டார்கள், 1992க்குப் பிறகு இரண்டாகவும் மாறி மாறி இருந்தார்கள். 1999 கிராமி விழாவில் ‘ஹலோ நாஸ்டி’ ஆல்பத்துக்கு மாற்று இசை விருது, அதிலிருந்த ‘இன்டர்கலாக்டிக்’ பாட்டுக்கு ராப் குழு விருது என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விருதுக் குழுவுக்கே முடிவு செய்ய முடியாததை நான் எப்படிச் செய்வது?

1994இன் ‘இல் கம்யூனிகேஷன்’ வந்த கையோடு முதலிடம். அதிலுள்ள ‘சபோடாஜ்’ யாவ்க் வாசித்த ஒரு பேஸ் துண்டிலிருந்து வந்தது. வெகுநாள் பாட்டில்லாமல் கிடந்தது. சீக்கிரம் முடியுங்கள் என்று தினமும் நச்சரித்த ஒலிப்பதிவாளர் மரியோ கால்டாட்டோவைத் திட்டுவதற்காக ஹொரோவிட்ஸ் கத்தியதுதான் அந்த வரிகள். இது தெரியாமல் அரசாங்கத்தை எதிர்க்கிற பாட்டு என்று நினைத்து நான் பல வருடம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேன். கேபிள் வந்த புதிதில் நண்பன் வீட்டில்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்தது. பழைய போலீஸ் சீரியல் வேடம், ஒட்டு மீசை. எங்கள் ஊர் திருவிழா நாடகத்து இன்ஸ்பெக்டர் மாதிரியே இருந்தார்கள்.

அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் யாவ்க், பெண்களை அவமதித்தது போதும், நிறுத்த வேண்டும் என்று நேராகச் சொல்கிறார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ‘வயசானதும்’ என்று உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்காதது இதனால்தான். சம்பாத்தியம் உச்சத்தில் இருந்தபோதே, சம்பாதித்துக் கொடுத்த வேடத்தைக் கழற்றினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன் நேபாளம் போன யாவ்க் அங்கே திபெத்திய அகதிகளைச் சந்தித்திருந்தார். நீங்கள் கேட்ட அந்த ஓதல் திபெத்திய பிட்சுக்களுடையது. அதற்கான ராயல்டியை அந்த மக்களுக்கே சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் மிலரெபா நிதி. அது 1996 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் லட்சம் பேர் கூடிய இரண்டு நாள் திபெத் விடுதலைக் கச்சேரியாக வளர்ந்தது.

சரி, திருட்டு விஷயம். இதில் நண்பரை முழுதாக மறுக்க மாட்டேன். 1986இல் ரன்-டி.எம்.சி. என்ற கறுப்பின ராப் குழு போட்ட ஆல்பம் மூன்றாம் இடத்தோடு நின்றது. அவர்களிடம் பாடம் படித்த, அவர்கள் எழுதிய பாட்டையே பாடிய வெள்ளைப் பையன்கள் முதலிடம் போனார்கள். நிறம் இதில் வேலை செய்யவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த வட்டத்துக்குள் இவர்கள் வெளியாட்களாக இருக்கவில்லை. ரூபினின் அறையில் குவிந்து கிடந்த கேசட்டுகளிலிருந்து எல்.எல். கூல் ஜே என்ற கறுப்பின ராப் பாடகரைக் கண்டெடுத்தவர் ஹொரோவிட்ஸ். 1987இல் இவர்களுக்கு முன்னால் மேடையேறியவர்கள் பப்ளிக் எனிமி என்ற கறுப்பின ராப் குழுவினர். 2012 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் இவர்களைச் சேர்த்தபோது மேடையில் நின்று வரவேற்றுப் பேசியவர்கள் அதே எல்.எல். கூல் ஜேவும், பப்ளிக் எனிமியின் சக் டி.யும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1992 ஆல்பத்தில் ஜேம்ஸ் நியூட்டன் என்ற கறுப்பினப் புல்லாங்குழல் கலைஞரின் ஆறு விநாடித் துண்டு இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கி ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். இசையமைத்தவர் என்ற முறையில் அவரைக் கேட்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். மூன்று ஸ்வரத்துக்கு உரிமை கொண்டாட முடியாது என்று 2003இல் மேல்முறையீட்டிலும் குழுவே ஜெயித்தது. சட்டம் சரியாகவே இருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதுவும் விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்ட ஆட்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004இல் நியூயார்க்குக்காக ஒரு ஆல்பம், 2007இல் பேச்சே இல்லாத வாத்திய ஆல்பம். இரண்டாவதுதான் எனக்கு மழைநாள் துணை. 2009இல் யாவ்க்குக்கு உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். கடைசி ஆல்பம் 2011இல் வந்தது. ஹால் ஆஃப் ஃபேம் விழாவுக்கு அவரால் வர முடியவில்லை. மூன்று வாரத்தில், 2012 மே 4 அன்று போய்விட்டார். வயது 47. தன் இசையை விளம்பரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். மற்ற இருவரும் அந்தப் பெயரில் பிறகு ஆல்பம் எதுவும் போடவில்லை. 2018இல் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள்.

அந்தப் புத்தகத்தில் கேட் ஷெல்லன்பாக்கும் எழுதியிருக்கிறார். அவரை விட்டுவிட்டு நகர்ந்ததற்கான வருத்தத்தை அதில் மற்றவர்கள் மறைக்கவில்லை. தொண்ணூறுகளில் பீஸ்டி பாய்ஸ் சொந்தமாக கிராண்ட் ராயல் என்று ஒரு நிறுவனம் ஆரம்பித்தபோது முதலில் வெளியிட்டது லஷஸ் ஜாக்சன் என்ற பெண்கள் குழுவின் தட்டை. ‘செக் யுவர் ஹெட்’டை நடுவில் மாற்றாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் லஷஸ் ஜாக்சனின் 1996 ஆல்பத்தைப் போடுங்கள். அதில் டிரம்ஸ் வாசிப்பது கேட் ஷெல்லன்பாக்.