குழித்துறையில் எல்லோரும் மாருதியையே வாங்கச் சொல்வது ஏன்?

குழித்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மூன்று லட்சத்துக்குள் பழைய கார் தேடுகிறேன். எல்லோரும் மாருதி, விட்டால் ஹூண்டாய் என்கிறார்கள். பாறசாலையில் கேரளப் பதிவுள்ள ஃபோர்டு ஃபிகோ ஒன்று நல்ல விலை குறைவாக வருகிறது. வண்டியும் நன்றாக ஓடுகிறது. இதை ஏன் யாரும் சீண்டுவதில்லை? வாங்கலாமா?"

வண்டி மட்டம் என்பதால் இல்லை. பழைய காருக்கு மவுசு தருவது பக்கத்து ஒர்க்‌ஷாப்பும் ஸ்பேர் கடையும்தான். மாருதி 800 வந்தது 1983-ல். உற்பத்தி நின்றது 2014-ல். இத்தனை வருஷத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் தொழில் பழகிய பையன்கள் பெரும்பாலும் அதில்தான் கை வைத்துப் பழகினார்கள். 1998-ல் சான்ட்ரோ வந்தபின் ஹூண்டாயும் அப்படியே ஊன்றிவிட்டது. ஃபோர்டும் மறைமலை நகரில் செய்த வண்டிதான். ஆனால் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றார்கள். வாங்குகிறவர்களின் பயம் போகவில்லை. விலை இறங்கியது அதனால்தான். ஃபோர்டு தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்து, ஆர்.சி. காலம் முடியும்வரை நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் அது உங்களுக்கு லாபம். இரண்டு வருஷத்தில் விற்பதாக இருந்தால் வேண்டாம்.

எனக்குக் கவலை ஃபோர்டு அல்ல, களியக்காவிளை எல்லை தாண்டி வண்டி கொண்டுவரும் புரோக்கர். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் ஓனரிடம் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் பெயரை எழுதாமல் வைத்திருப்பார். அந்தத் தாளோடு வண்டி மூன்று கை மாறும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வரும் சிக்கல் வேறு: வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்றுதான் என்ஓசி. அதைப் படிவம் 28-ல் கேட்க அந்த ஓனர்தான் வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் காசு கொடுத்தும் வண்டி உங்களுடையதாகாது.

"12 மாசம் கேஎல் நம்பரிலேயே ஓட்டலாம் சார்" என்பார்கள். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்த 12 மாதம் நம்பர் மாற்றுவதற்கான கெடு. பெயர் மாற்றத்துக்கு அல்ல. திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் மாற்றலாகி நாகர்கோவிலுக்குத் தன் வண்டியோடு வருகிறார், ஆறு மாதத்தில் திரும்பிவிடுவார். அவருக்குப் புதிய நம்பர் தேவையில்லை. வண்டி ஏற்கெனவே அவர் பெயரில் இருக்கிறது. நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்தாக வேண்டும். வாரம் ஒருமுறை பாறசாலை போய் வந்தாலும் இதே கணக்குதான்.

எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஆனால் இங்கே லைஃப் டாக்ஸ் புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டியதன் மிச்சத்தைத் திரும்பப் பெறத் தனி விண்ணப்பம். சந்தை ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொன்றிலுமாக வாழ்கிற நமக்கு இந்த அலைச்சல் இன்னும் ஏன் என்று எவரும் யோசிக்கவில்லை. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

வண்டி பார்க்கப் போகும்போது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை பெரும்பாலும் இருக்கும். பின்சீட்டுக் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். லோன் பாக்கி இருக்கிறதா என்று ஆர்.சி.யில் பார்த்து, முடிந்திருந்தால் படிவம் 35 கேளுங்கள். என்ஓசி கைக்கு வந்தபின் மீதிப் பணம். ஓனரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். "அவர் கல்ஃபில் இருக்கிறார், கையெழுத்து எல்லாம் போட்டுத்தான் போயிருக்கிறார்" என்று பதில் வந்தால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.