பஸ் தடம் மாறினால் வேனும் மாறும்

சிகாகோவின் புறநகரங்களில் பேஸ் நிறுவனம் பஸ் ஓட்டுகிறது. பஸ்ஸில் ஏற முடியாதவர்களுக்கான முன்பதிவு வேன் சேவையும் அதனிடம்தான். 2006 முதல் சிகாகோ நகருக்குள்ளும் அந்த வேன்களை அதுவே நடத்துகிறது. அங்குள்ள வாசகர்களின் கேள்விகள் இவை.

ஒரு மணிக்கு ஒன்று என்பதை அரை மணிக்கு ஒன்றாக்க, கூடுதலாக ஒரு பஸ் போதாதா? (ஷாம்பர்க் வாசகர்)

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு தடத்தில் போக 42 நிமிடம், வர 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தை ஈடுகட்டவும் டிரைவர் சற்று இளைப்பாறவும் 12 நிமிடம். ஆக, ஒரு சுற்றுக்கு 96. அதை 30ஆல் வகுத்தால் 3.2 வரும். அப்படியென்றால் 4 பஸ் வேண்டும். மணிக்கு ஒன்று விட இதே தடத்தில் 2 போதும்; ஆகவே கூடுதலாக ஒன்றல்ல, இரண்டு வேண்டும். 4 பஸ் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 24 நிமிடம் வண்டி வெறுமனே நிற்கும். சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

சுற்றில் ஆறே நிமிடம் குறைந்தால் 3 பஸ் போதும், அதாவது கூடுதலாக ஒன்றே ஒன்று. அந்த ஆறை டிரைவரின் ஓய்விலிருந்து எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஒரு சரக்கு ரயிலுக்காக கேட் மூடினால் போதும், அந்தத் தாமதம் அடுத்த நடைக்கும் அதற்கடுத்த நடைக்கும் தொற்றிக்கொண்டே போகும். எடுக்க வேண்டிய இடம் வேறு. பஸ் மெயின் ரோட்டை விட்டு ஷாப்பிங் மால் பார்க்கிங்குக்குள் நுழைந்து, வேகத்தடைகளில் ஏறி இறங்கி, திரும்பவும் சிக்னலில் வந்து காத்திருக்கும். ஒரு நடைக்கு 3 நிமிடம் அங்கேயே போய்விடும். ஸ்டாப்பை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் சுற்று 90 நிமிடமாகிவிடும். ஆனால் இறங்குகிறவர் பார்க்கிங்கைக் கடந்து கடைக்குப் போக நடைபாதை வேண்டும். மால் உரிமையாளரிடம் பேசி அதை முதலில் போட்டுவிட்டு, பிறகுதான் ஸ்டாப்பை மாற்ற வேண்டும்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்கள் பஸ் தடத்தை எடுத்துவிட்டால் வேனும் நின்றுவிடுமா? (நேப்பர்வில் வாசகி)

நிற்க வாய்ப்பு உண்டு. தடத்தைத் திருத்தும்போது பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். 1990இன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பஸ் தடத்தின் இருபுறமும் முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர் தூரத்துக்கு வேன் வந்தாக வேண்டும். பஸ் ஓடும் நாள், நேரம்தான் வேனுக்கும். கட்டணம் பஸ் டிக்கெட்டைப் போல் இருமடங்கைத் தாண்டக் கூடாது. முந்தைய நாள் பதிவு செய்தால் போதும். கேட்ட நேரத்தை ஒரு மணி நேரம் வரை முன்னும் பின்னும் மாற்றித் தரலாம். டயாலிசிஸுக்கா கோயிலுக்கா என்று பார்த்து முன்னுரிமை தரவோ மறுக்கவோ கூடாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நிறுத்தினால் அன்றைக்கு வேன் விடும் கட்டாயமும் போய்விடும். இன்னும் நுட்பமான ஒன்று: அலுவலகம் செல்வோருக்கான காலை, மாலை எக்ஸ்பிரஸ்களுக்கு இந்த விதி பொருந்தாது. நாள் முழுக்க ஓடிய பஸ்ஸை அப்படி மாற்றினால், வரைபடத்தில் கோடு இருக்கும், வேனுக்கான உரிமை இருக்காது.

சட்டம் கேட்பதற்கு மேலேயும் நிறுவனம் சேவை தரலாம். அதைக் கேட்டுப் பெறுங்கள். பொதுக் கருத்துக் கேட்பு நடக்கும்போது, அம்மா எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே போகிறார் என்று எழுதிக் கொடுங்கள். இப்போது வேனில் போகிறவர்களில் எத்தனை பேர் வெளியே விடப்படுவார்கள், அவர்களுக்கு மட்டுமாவது சேவை தொடருமா என்று நேராகக் கேளுங்கள்.

செயலியில் கூப்பிட்டால் வரும் சிறு பஸ்ஸை எல்லா இடத்திலும் விட்டால் என்ன?

வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதிக்கு நல்லதுதான். ஆனால் ஒரு வண்டி மணிக்கு 3, 4 பேருக்கு மேல் ஏற்றுவது கடினம். மணிக்கு 20 பேர் ஏறும் தடத்தில் இதை விட்டால் காத்திருப்பு எகிறிவிடும். தொலைபேசியில் பதிவு செய்யவும் வழி இருக்க வேண்டும்.

ஸ்டாப்பில் கம்பம் மட்டும் இருக்கிறது, தரை புல்தான். யாரிடம் சொல்வது?

சக்கர நாற்காலிக்காக பஸ்ஸிலிருந்து சாய்தளம் இறங்கும் இடத்தில் சாலை ஓரத்திலிருந்து உள்நோக்கி 8 அடி, அகலவாக்கில் 5 அடி அளவுக்கு உறுதியான, சமமான தளம் வேண்டும். அதிலிருந்து நடைபாதைக்கு இணைப்பும் வேண்டும். பனிக்காலத்தில் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி ஒதுக்கும் பனி அதே இடத்தில்தான் குவியும். யார் அள்ளுவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தடைகளால் ஸ்டாப்புக்கே வர முடியாத மாற்றுத்திறனாளி, அந்தப் பயணத்துக்கு வேன் கேட்கத் தகுதி பெறலாம். நடைபாதை பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. பஸ் நிறுவனத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என இரண்டு கடிதம் எழுதுங்கள். இரண்டிலும் ஸ்டாப் இருக்கும் சந்திப்பு, பஸ் போகும் திசை, படம் மூன்றும் இருக்கட்டும்.