ஃபலோ என்றால் தரிசா?

எஃப், ஏ, இரட்டை எல், ஓ, டபிள்யூ: காணிப் படிவங்களில் அடிக்கடி வரும் இந்த ஆங்கிலப் பெயரடை பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

கிளிநொச்சி: ஐயா, சேத மதிப்பீட்டுப் படிவத்தில் வயலை "ஃபலோ" என்று போட்டிருந்தது. தமிழில் "தரிசு" என்று எழுதினன். வயல்காரர் சண்டைக்கு வந்திட்டார்.

அவர் பக்கம்தான் நியாயம். தரிசு என்றால் எங்கட காதுக்கு ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிற நிலம். ஃபலோ விளையக்கூடிய நிலம்; ஒரு போகமோ ஒரு வருடமோ விதைக்காமல் விடப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் உழுத நிலத்தையே குறித்தது. பிறகுதான் களை மடிய உழுதுபோட்டு, விதைக்காமல் விட்ட நிலம் என்று பொருள் நகர்ந்தது. இடைக்கால ஐரோப்பாவில் பல ஊர்களில் வயலை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை இப்படி விட்டார்கள். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் பிடி எருவும் வேண்டாம் என்கிற 1037ஆம் குறளிலும் உழுது ஆறவிடுகிற எண்ணம் இருக்கிறது, அங்கே பிறகு விதைப்பு வந்தாலும். "விதைக்காமல் ஆறவிட்ட வயல்" என்று எழுதுங்கோ.

முழங்காவில்: சிறுபோகத்துக்குத் தண்ணி காணாமல் விட்ட வயல்?

ஆங்கில அறிக்கைகளில் அதையும் ஃபலோ என்பார்கள். தமிழில் காரணத்தையும் சேருங்கோ: "நீர் போதாமையால் சிறுபோகத்தில் விதைக்கவில்லை." இரணைமடுவின்கீழ் சிறுபோகத்தில் குளத்து நீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள்; மிச்ச வயலைத் தரிசென்று எழுதினால் கைவிட்ட காணி என்று வாசிக்க இடம் வந்துவிடும். இடம்பெயர்வில் பற்றை மண்டிய காணி ஆங்கிலத்தில் "அபாண்டன்ட்", கைவிடப்பட்டது. உவரேறி விளையாத மண் "பரன்", மலட்டு நிலம். குழப்பமென்றால் உரியவரிடம் கேளுங்கோ: கடைசியாய் எப்ப விதைச்சது, அடுத்த போகம் விதைப்பீங்களா, மண் விளையுமா?

மாங்குளம்: "லே ஃபலோ", "லெய்ட் ஃபலோ" எது சரி?

நிலம் எழுவாயானால் "லை", அதாவது கிடத்தல். அதன் இறந்தகாலம் "லே". ஆகவே "த ஃபீல்ட் லே ஃபலோ" சரி. கமக்காரர் எழுவாயானால் "லெஃப்ட்": "ஹீ லெஃப்ட் த ஃபீல்ட் ஃபலோ". "லெய்ட்" வேண்டாம்.

ஒட்டுசுட்டான்: அப்ப "ஃபலோ டியர்" தரிசு மானா?

நல்லகாலம், இல்லை! அது வெளிர் பழுப்பு மஞ்சளைக் குறித்த வேறொரு பழஞ்சொல். காலப்போக்கில் எழுத்து ஒன்றாகிவிட்டது. புள்ளி இருந்தாலும் அது எங்கட காட்டுப் புள்ளிமானும் இல்லை, வேறு இனம். மொழிபெயர்க்காமல் "ஃபலோ மான்" என்றே விடலாம்.

புதுக்குடியிருப்பு: சொல்லும்போது "பின்தொடர்" என்கிற சொல்லாய்க் கேட்கிறதே?

அதற்கு வாய் குவியும். இதற்கு, ஆங்கிலத்தில் அப்பிள் என்னும்போது முதல் ஒலிக்கு வாய் எப்படி அகலுமோ அப்படி அகல வேண்டும். அகலம் குறைந்தால் "ஃபெலோ" ஆகி, வயல் ஆளாகிவிடும்.