இரண்டு லட்சத்துக்குச் சமையல் மேடையா?

கேள்வி: திண்டுக்கல்லில் வீடு கட்டி முடிக்கும் நிலை. சம்பளம் கைக்கு 54,000. வீட்டுக்கடன் தவணை 23,400, முன்பக்க எலிவேஷனுக்கு எடுத்த பர்சனல் லோன் 5,600. சமையல் மேடைக்கு எந்த அளவு கிரானைட் ஸ்லாப் வாங்கலாம் என்று பார்த்தபோது, அக்கா வீட்டுக்காரர் “ஊரே பார்க்கும், குவார்ட்ஸ் போடு, பெரிய ஸ்லாப்பா எடு” என்கிறார். 3 ஸ்லாப், சதுர அடி 800, கூலியோடு 2 லட்சம். 14% வட்டிக்கு 3 வருஷ லோன் ரெடி. சாதா கிரானைட் கடையில் 140 சொல்கிறார்கள். அடுக்களை எல் வடிவம், ஒரு கை 9 அடி, இன்னொரு கை மூலை போக 6 அடி; டைனிங் கவுண்டருக்கும் வாஷ்பேசினுக்கும் கல் வேண்டும். கையில் சீட்டுப் பணம் 40,000 இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். கல் அளவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடிதம் முழுக்க எனக்குத் தெரிவது உங்கள் அத்தான்தான். எலிவேஷனும் அவர் யோசனையாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஒன்று சொல்வதும் நீங்கள் அதற்கு லோன் தேடுவதும் பழக்கமாகிவிட்டது. மேடையோடு இது நிற்காது, அடுத்து ஃபால்ஸ் சீலிங், அப்புறம் கேட்.

2 லட்சத்துக்கு 14% என்றால் தவணை சுமார் 6,800, வட்டி மட்டும் 46,000 பக்கம் போகும். மூன்று தவணையும் சேர்ந்தால் 35,800. மிச்சம் 18,200 ரூபாயில் அரிசி, பெட்ரோல், பிள்ளைகளின் ஃபீஸ், திடீரென்று ஒரு காய்ச்சல் என்று எல்லாவற்றையும் எப்படி ஓட்டுவீர்கள்? கவலையாக இருக்கிறது.

இப்போது மேடைக்கு வருவோம். உங்கள் அடுக்களை எல் வடிவம், ஒரு கை 9 அடி, இன்னொரு கை மூலை போக 6 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். மேடை அகலம் 2 அடி, முன்னால் ஒரு அங்குலம் நீட்டி 25 அங்குலம். அப்படியென்றால் தேவை வெறும் 31 சதுர அடி. ஒன்பதரைக்கு ஐந்தரை அடி முழு ஸ்லாப் எடுத்தால் 52 சதுர அடிக்குக் காசு கொடுக்கிறீர்கள், இரண்டு பட்டை அறுத்தது போக 16 அங்குலத் துண்டு ஒன்று வாசலில் சாய்ந்து கிடக்கும். ஜன்னல் திண்டுக்கு அது உதவும் என்றால் சரி, இல்லாவிட்டால் வீண்.

கட்டர் ஸ்லாப் கேளுங்கள். இவை சின்ன மெஷினில் அறுப்பதால் அகலம் குறைவாக, மேடைக்குத் தோதாக வரும், விலையும் இறங்கும். 27 அங்குல அகலத்தில் ஒன்று ஒன்பதரை அடி, ஒன்று ஆறரை அடி எடுத்தால் 36 சதுர அடிக்குள் முடிந்தது. டைனிங் கவுண்டருக்கு 15, வாஷ்பேசினுக்கு 7 சேர்த்தாலும் 58. கடைக்காரர் சொன்ன 140 ரூபாய்க்கு 8,120, 18% ஜிஎஸ்டியோடு 9,600 பக்கம். அறுக்க, ஓரம் உருட்ட, சிங்க் துளை போட, வண்டி, பதிக்க என்று தாராளமாக 20,000 வையுங்கள். சீட்டுப் பணத்தில் முடிந்துவிடும், லோனே வேண்டாம்.

கடைக்கு டேப்போடு போங்கள். உடைந்த மூலையையும் சேர்த்து அளந்து பில் போடுகிறவர்கள் உண்டு, பயன்படும் செவ்வகத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். கறுப்புக் கல் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றிய கல், விட்டுவிடுங்கள். கனம் 18 மில்லிமீட்டர் போதும், கீழே கடப்பா கல் தாங்குகிறதே. இணைப்பு எல் மூலையில் வரட்டும், சிங்க் பக்கத்தில் வேண்டாம். சிங்க் துளைக்கு முன்னால் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலப் பட்டைதான், வண்டியில் வரும்போது அங்கேதான் முறியும், அதனால் துளையை வீட்டில் வைத்தே போடச் சொல்லுங்கள்.

குவார்ட்ஸ் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கல்தூளை ரெசின் போட்டு இறுக்கியது, அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் தடம் விழலாம். நம் வீடுகளில் குக்கரைத் தாங்கி தேடி வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

அத்தானிடம் சண்டை வேண்டாம். “கல் வாங்கியாச்சு அத்தான், முன்பணமும் கொடுத்தாச்சு” என்று முடித்துவிடுங்கள், முன்பணத்தை இந்த வாரமே கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். மிஞ்சும் பத்தாயிரத்தை எலிவேஷன் லோனில் கட்ட முடியுமா, அதற்கு எவ்வளவு கட்டணம் என்று வங்கியில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.