டர்பின் பேசியதும் ஓட்டுப் போட்டதும்: எங்கே, எப்படிப் பார்ப்பது

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில்லுக்கு வந்து சில மாதம் ஆகிறது, ஹெச்-1பி வேலை விசா. அலுவலகத்தில் ஒருவர் "செனட்டர் டர்பின் நம் மாதிரி வந்தவர்களுக்கு ரொம்ப வேண்டியவர்" என்கிறார். வாட்ஸாப் குழுவில் இன்னொருவர் "இந்தியர்களின் கிரீன் கார்டுக்கு முட்டுக்கட்டை போட்டதே அவர்தான்" என்கிறார். யாரை நம்புவது, அவருடைய ஓட்டுகளை எங்கே பார்ப்பது?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டாமவர் சொல்வதை ஓட்டுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அந்த விஷயத்தில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்த செனட்டர் என்பதில் தெளிவு வேண்டும். இல்லினாயில் வாஷிங்டனுக்குப் போகும் செனட்டர்கள் இருவர்: 1997 முதல் டிக் டர்பின், 2017 முதல் டாமி டக்வொர்த். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் மாநில செனட் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதில் 59 பேர். டிரைவிங் லைசென்ஸ் விதி, பள்ளிக்கூட நிதி எல்லாம் ஸ்பிரிங்ஃபீல்டு வேலை. விசா, கிரீன் கார்டு வாஷிங்டன் வேலை. மாநில செனட்டருக்கு போன் போட்டு ஐ-140 (கிரீன் கார்டுக்காக கம்பெனி போடும் மனு) பற்றிக் கேட்பவர்கள் வருடா வருடம் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பெயர் சொல்லி எடுத்த ஓட்டுகள், அதாவது ரோல் கால் ஓட்டுகள், செனட் டாட் கவ் தளத்தில் 1989 முதல் இருக்கின்றன. 'லெஜிஸ்லேஷன் அண்ட் ரெக்கார்ட்ஸ்' பகுதிக்குள் 'வோட்ஸ்' என்பதைத் திறந்து, காங்கிரஸ் எண்ணையும் செஷனையும் தேர்ந்தெடுக்க வேண்டும். காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்; இரண்டு ஆண்டுக்கு ஒரு எண். 116வது காங்கிரஸ் 2019-20, 118வது 2023-24, 119வது 2025-26. ஒற்றைப்படை ஆண்டு முதல் செஷன், இரட்டைப்படை ஆண்டு இரண்டாவது. ஓட்டு எண் ஒவ்வொரு செஷனிலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் யாராவது ஓட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

பக்கத்தைத் திறந்ததும் எல்லோரும் நேரே பெயருக்குப் போய் 'யே'யா (ஆதரவு) 'நே'யா (எதிர்ப்பு) என்று பார்ப்பார்கள். அதற்கு முன் மேலே 'கொஸ்சன்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். அந்த ஓட்டு எந்தக் கேள்விக்கு என்பது அங்கேதான் இருக்கிறது. 'மோஷன் டு புரொசீட்' என்றால் மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்பது மட்டும். 'குளோச்சர்' என்றால் பேச்சை முடிக்கலாமா என்பது. மசோதாவுக்கு இதில் 60 ஓட்டு வேண்டும், நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 'மோஷன் டு டேபிள்' என்பது ஒரு திருத்தத்தை ஓரங்கட்டிக் கொல்வது. அதற்கு 'யே' போட்டவர் அந்தத் திருத்தத்துக்கு எதிரி. 'பேசேஜ்' என்றால்தான் மசோதா மேலேயே ஓட்டு.

இது ஏன் முக்கியம் என்பதற்கு டர்பினே நல்ல உதாரணம். 2025 மார்ச் 14 அன்று அரசுச் செலவுக்கான தற்காலிக மசோதா வந்தது. குளோச்சர் ஓட்டில் அவர் 'யே' போட்டார். 62-38 என்று நிறைவேறியது. அடுத்து பேசேஜ் ஓட்டில் 'நே' போட்டார்; மசோதா 54-46 என்று நிறைவேறியது. ஒரே நாள், ஒரே மசோதா. அவர் அதை எதிர்த்தார் என்று அறிக்கை எழுதலாம், ஆதரித்தார் என்றும் எழுதலாம், இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். என்னைக் கேட்டால் முதல் ஓட்டுக்குத்தான் எடை. 60 கிடைக்குமா என்பதுதான் அன்றைய சண்டை. அது கிடைத்த பிறகு பேசேஜுக்கு வெறும் பெரும்பான்மை போதும், அது குடியரசுக் கட்சிக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அரசு முடங்கியபோது கதை வேறு. வாரக்கணக்கில் தன் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து 'நே' போட்டுவந்தவர், நவம்பர் 9 அன்று கட்சி வரிசையை விட்டு மாறிய எட்டுப் பேரில் ஒருவரானார், குளோச்சர் 60-40. மறுநாள் பேசேஜ் ஓட்டிலும் இந்தத் தடவை 'யே'தான். மார்ச் மாதத்தையும் நவம்பர் மாதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஆளின் போக்கு தெரியும். ஒரு ஓட்டை மட்டும் வெட்டி எடுத்து ஸ்க்ரீன்ஷாட் போடுபவர்களை நம்பாதீர்கள்.

இன்னொரு கண்ணி: கட்சித் தலைவர் தன் சொந்த மசோதாவுக்கே 'நே' போட்டதாகப் பதிவு இருக்கும். 2024 பிப்ரவரி 7 அன்று எல்லைப் பாதுகாப்பு மசோதாவின் குளோச்சர் 49-50 என்று தோற்றது. கொண்டுவந்த சக் ஷூமர் கடைசியில் தன் ஓட்டை 'நே' என்று மாற்றினார். ஜெயித்த பக்கத்தில் ஓட்டுப் போட்டவரோ ஓட்டே போடாதவரோதான் மறுபரிசீலனை கேட்க முடியும் என்பது செனட் விதி. அதற்காக மட்டும் மாற்றியது அது.

இனி கிரீன் கார்டு. வேலை வழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியர்களின் வரிசை நீண்டு கிடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. அங்கே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஓட்டு பதிவாகியிருக்கிறது. செனட்டில் அதன் இணை மசோதா எஸ். 386, கொண்டுவந்தவர் யூட்டாவின் மைக் லீ. அவர் ஓட்டெடுப்புக்குப் போகாமல் 'யுனானிமஸ் கன்சென்ட்' வழியில் போனார். எல்லோரும் சம்மதித்தால் நிறைவேறும், ஒரே ஒருவர் எழுந்து மறுத்தாலும் நின்றுவிடும். 2019இல் முதலில் குடியரசுக் கட்சியின் ராண்ட் பால் மறுத்தார், செப்டம்பரில் டேவிட் பெர்டியூ. அக்டோபரில் மறுத்தவர் டர்பின். உங்கள் வாட்ஸாப் நண்பர் சொல்வது இதைத்தான்.

ரோல் கால் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. காங்கிரஸ் டாட் கவ் தளத்தில்தான் தேட வேண்டும். தேடல் பெட்டிக்கு இடப்பக்கத் தெரிவில் 'காங்கிரஷனல் ரெக்கார்ட்' (சபை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவு) என்று மாற்றி, 116வது காங்கிரஸைத் தேர்ந்து, மசோதா எண்ணைப் போடுங்கள். 'யுனானிமஸ் கன்சென்ட் ரெக்வெஸ்ட்' என்ற தலைப்பின் கீழ் அன்றைய பேச்சு முழுதும் வரும். யார் மறுத்தார் என்பதோடு ஏன் மறுத்தார் என்பதும் அங்கே இருக்கும். மசோதாவின் 'ஆக்‌ஷன்ஸ்' தாவலை மட்டும் பார்த்துவிட்டு "யாரும் தடுக்கவில்லையே" என்று முடிவு கட்டாதீர்கள். சபையில் நடக்கும் மறுப்பு எல்லாம் அங்கே ஏறுவதில்லை.

டர்பினின் வாதம் இது: மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் மற்ற நாட்டுக்காரர்கள் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள். அவரே 'ரிலீஃப்' என்று ஒரு மாற்று மசோதா கொண்டுவந்தார். நாட்டு வரம்பை நீக்குவதோடு, மனைவி, கணவன், பிள்ளைகளை அந்த எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவதும் அதில் இருந்தது. இதைத் தப்பிக்கும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பழைய பதிவு ஒத்துப்போகிறது. 2013இல் பெரிய குடியேற்ற மசோதாவை எழுதிய எட்டுப் பேரில் டர்பினும் ஒருவர். அதிலும் வேலை வழி நாட்டு வரம்பு நீங்குகிறது, கூடவே குடும்பத்தினர் கணக்கிலிருந்து விடுபடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 27 அன்று 68-32 என்று நிறைவேறியபோது அவர் ஓட்டு 'யே'. பிரதிநிதிகள் சபை அதை எடுக்கவே இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எண்ணிக்கையைக் கூட்டும் மசோதா அன்றைய செனட்டில் 60 ஓட்டு வாங்கும் நிலையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முழுச் சாப்பாடு வரட்டும் என்று இலையில் இருந்த சோற்றை எடுத்ததுபோல ஆனது வரிசையில் நின்றவர்களுக்கு. அந்தக் கோபம் நியாயமானது. 2019 டிசம்பரில் லீயும் டர்பினும் சமரசத்துக்கு வந்தார்கள். ஹெச்-1பி நிறுவனங்கள் மீது புதிய விதிகளும் சேர்ந்த வடிவம் 2020 டிசம்பர் 2 அன்று செனட்டில் நிறைவேறியது. அதுவும் யுனானிமஸ் கன்சென்ட் வழியில்தான். எனவே "நான் ஆதரித்து ஓட்டுப் போட்டேன்" என்று எந்த செனட்டரும் சொல்ல முடியாது. இரு சபை வடிவங்களும் ஒன்றுசேராமல் 2021 ஜனவரி 3 அன்று அந்தக் காங்கிரஸ் முடிந்தது, மசோதாவும் செத்தது.

உங்கள் அலுவலக நண்பர் சொல்வது பெரும்பாலும் ட்ரீம் ஆக்ட் பற்றியது. சிறுவயதில் ஆவணமில்லாமல் கொண்டுவரப்பட்டவர்களுக்கான அந்த முயற்சியில் 2001 முதல் டர்பின் இருக்கிறார். 2007 அக்டோபரில் குளோச்சர் 52-44, 2010 டிசம்பர் 18 அன்று 55-41. இரண்டும் 60ஐ எட்டாமல் தோற்றன. அவருடைய தாயார் லித்துவேனியாவில் பிறந்தவர். பேச்சுகளில் அடிக்கடி வரும். அதே மனிதர்தான் அயோவாவின் சக் கிராஸ்லியோடு சேர்ந்து 2007 முதல் ஹெச்-1பி, எல்-1 (கம்பெனிக்குள்ளேயே இடமாற்றி அழைத்துவரும் விசா) ஆகிய விசாக்களைக் கட்டுப்படுத்தும் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். நீங்கள் கன்சல்டிங் கம்பெனி வழியாக வந்திருந்தால் இந்த மசோதாவைக் கட்டாயம் படியுங்கள். காங்கிரஸ் டாட் கவ்வில் அவர் பெயர்ப் பக்கத்தில் 'ஸ்பான்சர்டு' (அவரே கொண்டுவந்தது), 'கோஸ்பான்சர்டு' (மற்றவர் மசோதாவில் கூடச் சேர்ந்தது) என்று பிரித்திருக்கும். கோஸ்பான்சர் ஆன தேதியையும் பாருங்கள். முதல் நாளே சேர்ந்தவருக்கும் தேர்தலுக்கு முந்தின மாதம் சேர்ந்தவருக்கும் வித்தியாசம் உண்டு.

கமிட்டி ஓட்டுகள் ரோல் கால் பட்டியலில் வராது. அந்தந்தக் கமிட்டியின் தளத்தில்தான். குடியேற்றம் ஜுடிஷியரி, அதாவது நீதித்துறை, கமிட்டியின் கீழ் வருகிறது. 2021 முதல் 2025 ஜனவரி தொடக்கம் வரை அதன் தலைவர் டர்பின். எந்த மசோதாவை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்பது பெரும்பாலும் தலைவர் கையில். எனவே அந்த நான்கு ஆண்டுகளில் அஜெண்டாவில் எது வரவில்லை என்பதும் அவர் பதிவில் ஒரு பகுதிதான்.

பேச்சைச் சரிபார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. காங்கிரஷனல் ரெக்கார்டில் அச்சானதெல்லாம் சபையில் பேசியதல்ல. எழுதிக் கொடுத்துச் சேர்த்ததும் இருக்கும். செனட் பகுதியில் அதற்கு ஒரு கரும்புள்ளி அடையாளம் உண்டு. சந்தேகம் வந்தால் நாடாளுமன்றக் கூட்டங்களைக் காட்டும் சி-ஸ்பான் சேனலில் வீடியோ பாருங்கள், செனட் கூட்டங்கள் 1986 ஜூனிலிருந்து ஒளிபரப்பாகின்றன. பத்திரிகை அறிக்கைகள் அவர் அலுவலகத் தளத்தில் இருக்கும். ஆனால் 2026இல் போட்டியிடப் போவதில்லை என்று 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டார். பதவிக்காலம் 2027 ஜனவரி 3 வரை. செனட்டர் பதவியை விட்டதும் அந்தத் தளம் அப்படியே நிற்காது. வேண்டிய அறிக்கையை இப்போதே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். அமைப்புகள் வெளியிடும் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதானால், எந்தெந்த ஓட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று முதலில் பாருங்கள். அதைச் சொல்லாத பட்டியலால் பயனில்லை.

கடைசியாக, உங்கள் நிலையில் எது செய்யலாம், எது கூடாது. குடியுரிமை இல்லாவிட்டாலும் இல்லினாயில் வசிப்பவர் என்ற முறையில் அவர் அலுவலகத்துக்கு எழுதலாம், போன் செய்யலாம், முகவரி கேட்பார்கள். குடியேற்றத் துறையில் உங்கள் கோப்பு நியாயமான காலம் தாண்டிக் கிடந்தால், உங்கள் கோப்பைப் பற்றிக் கேட்க அனுமதி தரும் பிரைவசி ரிலீஸ் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர்கள் விசாரிப்பார்கள். முடிவை மாற்ற முடியாது, நிலவரம் தெரியவரும். தேர்தல் நிதி மட்டும் கொடுக்காதீர்கள், ஐந்து டாலர்கூட. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம், ஹெச்-1பியில் உள்ளவர் கொடுப்பது சட்டவிரோதம். லைசென்ஸ் எடுக்கும் கவுண்டரில் வாக்காளர் பதிவு பற்றிக் கேட்டால் "வேண்டாம், நான் சிட்டிசன் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். சிட்டிசன் என்று தவறுதலாக டிக் செய்த ஒரு கட்டம் பின்னாளில் கிரீன் கார்டையே பறிக்கும், நாடு கடத்தவும் காரணமாகும். கையெழுத்துக்கு முன் திரையில் வரும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். மனைவி லைசென்ஸ் எடுக்கப் போகும்போது அவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.